பூஜைக்குத் திறந்த கதவு

கூண்டுக் கதவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மேலே மாவிலைத் தோரணம். உள்ளே நின்ற மஞ்சள் நிற ரோபோவின் தோளில் சம்பங்கி மாலை. அதன் கையிலிருந்த வெல்டிங் டார்ச்சுக்கு யாரோ சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை அன்று காலை. கழுவிவிட்ட தரையின் ஈரம், சாம்பிராணிப் புகை, தாம்பாளத்தில் பொரிகடலை.

நான் கதவருகில் கையில் டெஸ்டரோடு நின்று, "முடியாது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாடாலூர் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது அந்த ஷெட். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கு டிப்பர் தொட்டி செய்கிறார்கள். பக்கவாட்டுத் தகடுகளை வெல்டிங் செய்ய ஒரு ரோபோ வாங்கினார்கள். ரோபோ, வெல்டிங் மிஷின், தகட்டைப் பிடிக்கும் கிளாம்ப், சென்சார்கள், கதவு என்று எல்லாவற்றையும் ஒரே கட்டுப்பாட்டுப் பேனலுக்குள் கொண்டுவந்து வயரிங் செய்து கொடுத்தது நான். பெரம்பலூர் நாலு ரோடு பக்கத்தில் பேனல் கடை வைத்திருக்கும் லூர்துமேரி. இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்லிவிட்டேன்.

ரோபோவைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவலைக் கூண்டு. உள்ளே போக ஒரே கதவு. அந்தக் கதவில் ஒரு சுவிட்ச். கதவு திறந்தால் ரோபோவும் நிற்கும், வெல்டிங்கும் நிற்கும். வெளியே யார் எந்த பட்டனை அழுத்தினாலும் அசையாது. உள்ளே போகிறவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்காக வைத்தது.

அன்று முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய அம்மா கூண்டுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவு விரியத் திறந்திருக்க வேண்டும், தீபாராதனை காட்டும்போது ரோபோ ஒரு கோடு வெல்டிங் போட்டுக் காட்ட வேண்டும். இதுதான் அவர்கள் போட்டிருந்த திட்டம். ஆனால் கதவைத் திறந்தால் ரோபோ அசைய மறுக்கிறது. எனவே, கதவு சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு துண்டு வயரைப் போட்டு, கதவு மூடியே இருப்பதாக மிஷினை நம்ப வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பைபாஸ்.

"அஞ்சு நிமிஷம் மேடம். சாமி கும்பிட்ட ஒடனே எடுத்துடலாம்" என்றார் மேனேஜர் முருகானந்தம்.

"கதவ மூடிட்டு வெளிய நின்னு கற்பூரம் காட்டுங்க சார். வலதானே, உள்ள இருக்கிறது நல்லாவே தெரியும்."

"கதவ சாத்திப்புட்டா சாமி கும்புடுவாங்க?"

"கோயில்ல மட்டும் எல்லாரும் கருவறைக்குள்ள போயா கும்புடுறோம்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முருகானந்தத்துக்கு முகம் கறுத்தது. என் பக்கமாகக் குனிந்து, முதலாளியின் அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நீங்க வேதக்காரங்க மேடம். ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதாம்

நான் வரதராசன்பேட்டைக்காரி, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் புது வண்டி வாங்கினவர்கள் வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். டிராக்டர், லாரி, கதிர் அறுக்கும் மிஷின் எல்லாம் வரும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். என் பேனல் கடை திறந்த அன்றும் மந்திரித்தோம். அதே கடையில் என்னிடம் வேலை பார்க்கிற பெண்கள் ஆயுத பூஜைக்கு என் மல்டிமீட்டருக்குப் பொட்டு வைப்பார்கள். அந்தப் பொட்டை நான் துடைத்ததே இல்லை.

இரும்புக்கு மாலை போடுகிறவர்களின் மனது எனக்கு நன்றாகவே புரியும். சோறு போடுவது அது. கையை எடுத்துக்கொள்வதும் அதுதான். பயமும் நன்றியும் சேர்ந்துதான் அந்தச் சந்தனத்தைப் பூசுகிறது. ஆனால் ஏலாக்குறிச்சியில் சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது டிரைவர் யாரும் கியரைப் போட்டுக் கூட்டத்துக்குள் வண்டியை ஓட்டிக் காட்டியதில்லை.

மேனேஜருக்கு இது தெரியாதா? தெரியும். நான் சொன்னதற்கு அவரிடம் பதில் இல்லை. அதனால் என் வேதத்தை எடுத்து நடுவில் வைத்தார். இனி நான் எதைப் பேசினாலும் அது சாமிக்கு எதிரான பேச்சு. இப்படி வாயை அடைப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நான் செய்ய மாட்டேன் என்றதும் ஷெட்டின் எலக்ட்ரீஷியன் சேகரைக் கூப்பிட்டார்கள். சேகர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பேனலைத் திறந்து, சிவப்பு வயர் ஒரு துண்டை வெட்டி, கதவு சுவிட்சுக்குக் குறுக்கே மாட்டினான். கற்பூரம் ஏற்றினார்கள். ரோபோ மாலையோடு குனிந்து ஒரு கோடு போட்டது. நீல வெளிச்சம் பளீரென்று அடித்ததும் முதலாளியின் அம்மா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்ற குழந்தைகளைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் சுண்டலும் பொரியும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிக்சி மூடி

கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன்.

இந்த பைபாஸ் புத்தி தொழிற்சாலையில் பிறந்தது இல்லை. எங்கள் வீட்டு மிக்சியில் ஜாரின் மூடி சரியாக உட்காராவிட்டால் ஓடாது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், படித்தவர். அந்த இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார். "மூடி கெடக்கு, சட்னி அரைபடுதா இல்லையா?" என்றார். அரைபட்டது. சுவரிலும் அரைபட்டது.

செந்துறை பஸ்ஸில் தானியங்கிக் கதவைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியோடு கட்டி வைத்திருப்பார்கள். கேட்டால், மூடி மூடித் திறந்தால் நேரமாகிறதாம். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருள் நம்மை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டால் போதும், அது நம்மை அவமானப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

வெல்டிங் மிஷினைக் கட்டுப்பாட்டுப் பேனலோடு இணைப்பது பொறுமைசாலிகளுக்கான வேலை. வெல்டிங் மிஷின் ஒரு முரடன். அதன் கேபிளில் ஓடும் கரண்ட் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கலக்கும். பேனலிலிருந்து போகும் சிக்னல் வயரோ மெதுவாகப் பேசுகிற ஆள். இரண்டையும் ஒரே வழியில் கொண்டுபோனால் முரடன் கத்துவதில் மற்றவன் பேசுவது கேட்காது.

அரியலூரில் ஒரு பட்டறையில் நான் கஷ்டப்பட்டுத் தனித்தனியாக இழுத்திருந்த வயர்களை, பார்க்க அழகாக இல்லை என்று அங்கிருந்த ஒருவர் ஒன்றாகச் சேர்த்து, டேக் போட்டு, சடை பின்னுவதுபோலக் கட்டிவிட்டார். அதன்பின் வெல்டிங் பற்றவைக்கும் போதெல்லாம் ரோபோ தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்து திகைத்து நின்றது. நான் போய் அந்தச் சடையை அவிழ்த்துவிட்டு வந்தேன். அந்தக் கோபமெல்லாம் சிரிப்போடு முடிகிற கோபம். பாடாலூர் ஷெட்டில் வந்த கோபம் அப்படி முடியவில்லை.

நிற்கிற ரோபோ

அடுத்த தடவை அந்த ஷெட்டுக்கு நான் போனது பொங்கல் கழிந்த பிறகு. வெல்டிங் சரியாகப் பற்றவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். பேனலைத் திறந்ததும் கண்ணில் பட்டது அந்தச் சிவப்பு வயர்தான். பூஜைக்குப் போட்டது அப்படியே இருந்தது.

எடுத்துவிட்டேன். எடுத்த வேகத்தில் ஆபரேட்டர் கொளஞ்சி ஓடி வந்தார்.

கொளஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்னம் பக்கத்து ஆள். என் வயதுதான் இருக்கும். கையால் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர், ரோபோ வந்தபின் அதற்குத் தகடு மாட்டிக் கொடுக்கும் வேலைக்கு வந்தார். ரோபோ போடும் கோடு கோணலாக இருந்தால் "இன்னிக்கி தம்பிக்கு மூடு சரியில்ல" என்பார். நல்ல மனுஷன். அன்றைக்கு என்மேல் அவருக்கு அவ்வளவு கோபம்.

"மேடம், அத ஏன் மேடம் எடுத்தீங்க? தீப்பொறி அடிச்சி அடிச்சி டார்ச்சு வாய் அடைச்சிக்குது. நொடிக்கு ஒருதரம் உள்ள போயி தட்டி வுடணும். கதவ தொறந்தா தம்பி நின்னுடுறான். மறுபடி கெளப்புறதுக்குள்ள டார்கெட் போயிடுது. பேச்சு வாங்குறது நாந்தானே?"

"கொளஞ்சி, அது நிக்கலங்க. காத்துக்கிட்டு இருக்கு. நீங்க உள்ள இருக்கிறப்ப அதுக்கு வேண்டிய சிக்னல் கெடச்சிட்டா, நீங்க இருக்கிறது அதுக்குத் தெரியாது. வந்துடும்."

"நா பாத்துக்குறேன் மேடம். எனக்குத் தெரியாதா அவன?"

விளக்கிப் பார்த்தேன். தகடு சரியாக உட்கார்ந்ததா என்று அடியில் ஒரு சென்சார் பார்க்கிறது. உட்காரவில்லை என்றால் ரோபோ சிலைபோல நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அணைந்துபோன மாதிரி இருக்கும். தகடு உட்கார்ந்த நொடியில் பாய்ந்து வரும். கொளஞ்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது, அவர் மனது டார்கெட்டில்தான் இருந்தது.

நேராக மேனேஜரிடம் போனேன். டார்ச்சின் வாயைத் தானாகவே சுத்தம் செய்கிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது, அதைக் கூண்டுக்குள் வையுங்கள், யாரும் உள்ளே போகவே வேண்டாம் என்றேன். "பாக்கலாம் மேடம்" என்றார். அதுவரை டார்கெட்டையாவது குறையுங்கள் என்றேன். "ஆபரேட்டரே கேட்டுத்தான் வயரு போட்டிருக்கு. அவனுக்கே இல்லாத பயம் ஒங்களுக்கு எதுக்கு?" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். கழுத்தில் டார்கெட்டைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, அவனே கேட்டான் என்று சொல்கிற சிரிப்பு. அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

அதன் பிறகும் போகும்போதெல்லாம் அந்த வயர் இருக்கும். நான் எடுப்பேன். பாடாலூரைத் தாண்டுவதற்குள் சேகர் மறுபடி மாட்டியிருப்பான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன். "நா என்னக்கா பண்றது, மாட்டலன்னா எனக்கு வேல போயிடும்" என்றான். சுலபத்தில் ஏமாற்ற முடியாத வேறு சுவிட்ச் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் குறுக்கே வயர்.

ஒரு போன்

வெயில் காலத்தில் ஒருநாள் முற்பகல், கடையில் இருந்தேன். முருகானந்தம் கூப்பிட்டார்.

"மேடம், ஒடனே வரணும். அந்தக் கதவு வயர எடுத்துட்டு, நீங்க மொதல்ல பண்ணிக் குடுத்த மாதிரியே பண்ணிடணும்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கடைசியில் புத்தி வந்ததே என்று டெஸ்டரை எடுத்துப் பையில் போட்டேன்.

"சேகர எடுக்கச் சொல்லலாமே சார்? அவன் போட்டதுதானே?"

"அவன் போன எடுக்க மாட்டேங்குறான். ஆஸ்பத்திரில இருக்கான்."

"ஆஸ்பத்திரியா? அவனுக்கு என்ன?"

"அவனுக்கு இல்ல. கொளஞ்சிக்கு. கையில சின்னதா அடி. மத்தியானத்துக்கு மேல ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு. அதுக்குள்ள வந்துடுங்க."

கொளஞ்சிக்கு அடிபட்டதைச் சொல்வதற்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. வயரை எடுக்கக் கூப்பிட்டார். நான் கேட்டிருக்காவிட்டால் கொளஞ்சியின் பெயரே அவர் வாயில் வந்திருக்காது.

ஸ்கூட்டியில் போகிற வழியெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. சேகரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், ஓரமாக நிறுத்தி நிறுத்தி. என் போனை மட்டும் எடுத்தான். தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ரோபோ காத்துக்கொண்டு நிற்கிறது. கொளஞ்சி கதவைத் திறந்து உள்ளே போய், வலது கையால் தகட்டை அழுத்தி நேராக்கியிருக்கிறார். அவ்வளவுதான், சென்சார் பார்த்துவிட்டது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன. "நாந்தானக்கா மாட்டுனேன், நாந்தானக்கா மாட்டுனேன்" என்று சேகர் தேம்பிக்கொண்டே இருந்தான்.

என் பூட்டு

ஷெட்டுக்குள் போனபோது கூண்டைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். முருகானந்தம் எனக்காகப் பேனல் பக்கத்திலேயே நின்றார். பேனலைத் திறந்தேன். வயர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்த வயரை இப்போது எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் திறந்து பார்ப்பார். ரோபோ சமத்தாக நிற்கும். அப்படியென்றால் கொளஞ்சி எப்படி உள்ளே போனார்? வலை ஏறிக் குதித்திருக்க வேண்டும். குடித்திருந்தாரோ என்னவோ என்று யாராவது இழுப்பார்கள். விரல் போனதும் இல்லாமல் குற்றமும் அவர் தலையில். வேலையும் போகும், இழப்பீடும் போகும். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை என்று சொல்வதற்கு அந்த ஷெட்டில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சிவப்பு வயர்தான்.

மெயினை அணைத்தேன். பேனல் கதவை மூடினேன். வேலை செய்யும்போது வேறு யாரும் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது என்று நாங்கள் கையோடு வைத்திருக்கும் பூட்டு ஒன்று உண்டு. அதைப் பையிலிருந்து எடுத்துப் பேனலில் மாட்டிப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"இன்ஸ்பெக்டர் வரட்டும் சார். அவரு முன்னாடி தொறக்கிறேன்."

"எடு எடுன்னு உசுர வாங்குனீங்க. இன்னிக்கி எடுங்கன்னா எடுக்க மாட்டேங்குறீங்க!"

"அன்னிக்கி எடுத்திருந்தா அவரு விரல் இருந்திருக்கும். இன்னிக்கி எடுத்தா ஒங்க வேலதான் இருக்கும்."

"இது எங்க கம்பெனி பேனலு."

"பேனல் ஒங்களுது. பூட்டு என்னுது. ஒடைங்க. ஒடைக்கிறத நானும் போன்ல படம் புடிச்சிக்கிறேன்."

இப்படியெல்லாம் என் வாயில் வந்ததே என்று இப்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அன்று ஆச்சரியமாக இல்லை. முருகானந்தம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், உள்ளே வந்தார், என் பிழைப்பு இனி இந்த மாவட்டத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதாகச் சொன்னார். பார்க்கட்டும் என்று பேனலில் முதுகைச் சாய்த்து நின்றேன். பெயின்ட் அடிக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து ஒரு ஸ்டூலை என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள். கையெல்லாம் சாம்பல் நிறப் பெயின்ட். அவளுக்குப் பின்னால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பூட்டைத் திறந்து வயரைக் காட்டினேன். மெயினைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, நாங்கள் எல்லோரும் தள்ளி நிற்க, ஒரு நீளக் குச்சியால் அந்தத் தகட்டை அழுத்திக் காட்டினேன். ரோபோ பாய்ந்து வந்தது. இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் வைத்தார்.

"யாரு போட்டது இந்த வயர?"

"ஆயுத பூஜைக்குப் போட்டது சார். எடுக்க மறந்துட்டாங்க" என்றார் முருகானந்தம்.

"மறக்கல சார்." பின்னாலிருந்து சேகரின் குரல். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையில் இன்னும் கறை இருந்தது. "மேடம் எடுக்க எடுக்க நான் மாட்டுனேன். மேனேஜர் சொல்லி மாட்டுனேன்."

திருச்சியில்

கொளஞ்சியைத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. அவர் மனைவி எழுந்து எனக்கு இடம் விட்டார். "ஒங்களாலதான் இவருமேல பழி வரல, அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. பழி வராதது ஒரு லாபமா? அந்த விரல்கள் திரும்பி வருமா?

கொளஞ்சி என்னிடம் கேட்டார்.

"மேடம், அந்தக் கதவு சரி பண்ணிட்டாங்களா? என் எடத்துல வேற ஆளு போட்டிருப்பாங்கள்ல?"

சரிசெய்த கதவு அப்படியே இருக்கிறதா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் வயரை எடுத்துக் கதவைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தவளை, அதற்குப் பிறகு அந்த ஷெட்டின் கேட்டைத் தாண்டி யாரும் உள்ளே விடவில்லை. வேறு ஆள் வைத்து வேலை பார்க்கிறார்களாம். முருகானந்தம் அங்கேதான் இருக்கிறாராம். ஆயுத பூஜைகள் வந்தன, போயின. ரோபோ ஓடுகிறது, டிப்பர் தொட்டிகள் வெளியே வருகின்றன. நெடுஞ்சாலையில் போகும்போது கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாகச் செய்த தொட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கொளஞ்சி கேட்டதுதான் காதில் விழுகிறது.

அதனால் இதை இங்கே எழுதுகிறேன். கொளஞ்சியின் இடத்தில் இப்போது நிற்கிறவரே, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்களா என்றும் தெரியாது. நாளைக் காலை வேலைக்குப் போனதும், ரோபோ ஓடும்போது, வெளியே நின்றபடியே அந்தக் கதவை மட்டும் திறந்து பாருங்கள். நின்றால் வேலையைப் பாருங்கள். நிற்கவில்லை என்றால், யார் என்ன சொன்னாலும் சரி, வீட்டுக்குப் போய்விடுங்கள்.